வேலை இல்லாத கை

போர்வைக்குள் இருந்த அம்மாவின் இடது கையை மகள் வெளியே எடுத்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள்.

"சிஸ்டர், இதுல கட்டுங்க. அம்மாவுக்கு எப்பவும் இந்தக் கையிலதான் பிரஷர் பாப்போம்."

பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு செவிலியர் ஒரு கணம் நின்றார். அம்மாவின் இடது கையைத் தூக்கிப் பிடித்து மெதுவாக விட்டார். நனைந்த துணி போல அது படுக்கையில் விழுந்தது.

"இது முன்னாடியே விழுந்த கையா?"

"ஆமா. மொத ஸ்ட்ரோக் வந்தப்போ விழுந்தது. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப இதுல பாக்கக் கூடாதும்மா. பலமில்லாத கை சரியாச் சொல்லாது. சில பேருக்கு அந்தப் பக்கம் ரத்தக்குழாயே சுருங்கியிருக்கும். நல்ல கையிலதான் பாக்கணும்." பேசிக்கொண்டே கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போனார்.

வலது கையில் பட்டை இறுகித் தளர்ந்தது. தலைமாட்டுத் திரையில் இருநூறைத் தாண்டிய ஓர் எண் வந்து நின்றது. மகள் அதைப் பார்த்தாள். பிறகு செவிலியரின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப வந்த ஸ்ட்ரோக்கும் இதை ஏத்திவிடும்," என்றார் செவிலியர், அவள் கேட்காமலே.

"ரெண்டு கைக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும் சிஸ்டர்?"

"ஆளைப் பொறுத்தது. சில பேருக்கு ஒண்ணுமே இருக்காது. சில பேருக்கு நிறைய."

"அம்மாவுக்கு ரெண்டுலயும் பாத்துச் சொல்ல முடியுமா?"

செவிலியர் பட்டையைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "இப்ப எதுக்கும்மா அது?"

அவள் அம்மாவின் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். தெரிந்துகொள்ளத்தான். வேறெதற்கும் இல்லை.

அப்பா வெளியே நடைவழியில் இருந்தார். வாழ்நாள் முழுக்க லிப்ட் பழுது பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகும் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிப்டின் சத்தத்தைத்தான் கேட்பார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தபோது, அங்கிருந்த காவலாளியிடம் கைகளை விரித்தும் மூடியும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். லிப்ட் கதவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது, நோயாளியோடு வருபவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். மனைவி உள்ளே கிடக்கும்போது எப்படி முடிகிறது என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். மகள் கேட்கவில்லை. அவரால் அது மட்டும்தான் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா நண்பகலுக்கு முன்பே போய்விட்டாள். சத்தம் ஏதும் இல்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இருந்த இடைவெளி கூடிக்கொண்டே போனது, அவ்வளவுதான். அப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்து இடது கையைப் பிடித்திருந்தார். மகள் இந்தப் பக்கம் வலது கையை. அந்தக் கையின் கட்டைவிரல் நகத்தடியில் நீலம் ஒட்டியிருந்தது. முந்தைய நாள், தான் வேலை பார்த்த பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா விழுந்தாள். அந்த க்ரீமின் நீலம். மகள் தன் நகத்தால் அதை எடுக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள்.

பிறகு இளம் மருத்துவர் வந்தார். தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கடைசியில், "வீட்டுல பிரஷர் எல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு டாக்டர்," என்றார் அப்பா. "நேத்துக் காலையில கூட நூத்தி இருபத்தாறு. நானே பாத்தேன். ஒரு நாள் விட்டதில்ல."

மருத்துவர் தலையசைத்தார். மகள் வாயைத் திறந்தாள். அப்பாவின் பெருவிரல் அம்மாவின் இடது மணிக்கட்டில், நாடி பார்க்கும் இடத்தில் இன்னும் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் அப்பா அதையே சொன்னார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்த பெரியப்பாவிடம், அப்பாவின் பழைய கம்பெனி ஆட்களிடம், நாற்காலி கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டாரிடம். "நேத்துக் காலையில கூட நூத்தி இருபத்தாறு. நானே பாத்தேன்." வந்தவர்கள் உச்சுக்கொட்டி, "நேரம்தான், வேறென்ன சொல்ல," என்றார்கள். அது அவருக்குப் போதவில்லை. அடுத்தவர் வந்ததும் மறுபடி ஆரம்பித்தார். புகார் போல இல்லை அது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் ஏன் நின்றது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்பது போல இருந்தது.

ஒவ்வொரு முறையும் மகள் எழுந்து வேறு அறைக்குப் போனாள். கோப்பைகளைக் கழுவினாள். கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினாள்.

முதல் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அப்பா பிரஷர் பார்க்கும் கருவியை வாங்கி வந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. விளக்கப் புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். காலையில் பல் தேய்த்ததும் சாப்பாட்டு மேசையில் கருவியை வைப்பார். அம்மா ஒரு கையால் ஏதாவது செய்துகொண்டிருப்பாள். பட்டாணி உரிப்பாள், தேநீர் குடிப்பாள், காகிதத்தில் அன்றைய கேக்குக்கான எழுத்துகளை எழுதிப் பார்ப்பாள்.

"மாப்பிள்ளை வந்துட்டாரு, கையைப் பிடிக்க," என்பாள் கருவியைப் பார்த்து. அப்பா பட்டையை விரிப்பார். வலது கையை அவர் தொடப் போனால் தட்டிவிடுவாள்.

"இதுக்கு ஆயிரம் வேலை இருக்கு. அந்தக் கைக்குத்தான் வேலை இல்ல. அதை வச்சுக்கோங்க."

அப்பா சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மகளும் சிரித்திருக்கிறாள்.

அவள் வேலை செய்வது கண்ணாடிக் கடையில். பார்வை சோதிப்பதுதான் வேலை. வருகிறவர்களின் ஒரு கண்ணை மூடிவிட்டு இன்னொன்றால் படிக்கச் சொல்வாள். பிறகு மாற்றி மூடுவாள். ஒரு கண்ணுக்கு வந்த அளவை மற்றதுக்கும் போடுங்கள் என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பாள். இரண்டு வருடமாக வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தும் கையைப் பற்றி அவளுக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றவே இல்லை. அது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. அதைவிட விசித்திரமான ஒன்றும் மனதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு அது தெரிந்திருக்குமா?

கேக்கில் பெயர் எழுதுகிறவளுக்கு எதிலும் அரைகுறை பிடிக்காது. இடைவெளியைக் கண்ணாலேயே அளப்பாள். அப்படிப்பட்டவள், தினமும் தன்னைப் பற்றி ஓர் எண்ணைச் சொல்கிறார்கள் என்றால், அது சரியா என்று ஒரு தடவையாவது பார்த்திருக்க மாட்டாளா?

மறுநாள் காலை தகனம் முடிந்தது. திரும்பி வந்த பிறகு வீட்டில் சில பெண்கள் மட்டும் இருந்தார்கள். பேக்கரிக்காரம்மா சமையலறையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். அம்மாவைவிட வயதில் சிறியவர், முதலாளி. ஆனாலும் அம்மாவை "நீ, வா, போ" என்றுதான் பேசுவார். அம்மாவும் அப்படித்தான். மகள் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். அம்மா எப்பவாவது வலது கையில பிரஷர் பாத்திருக்காங்களா?"

கத்தி நின்றது. பேக்கரிக்காரம்மா திரும்பாமலே, "யார் சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லல. அதான் கேக்கறேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்தார்.

"உங்கம்மா மொத ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் திரும்பி வேலைக்கு வந்தாள்ல, அப்ப ரெண்டாவதா ஒரு மாத்திரை சேத்திருந்தாங்க. ஞாபகம் இருக்கா? அதைப் போட்டுக்கிட்டு மேசைகிட்ட நின்னா கண்ணு இருட்டிக்கிட்டு வரும். ஒரு நாள் கையில க்ரீம் கோனோட அப்படியே தரையில உக்காந்துட்டா. பாதிப் பேரு கேக்குல, மீதிப் பேரு அவ மடியில." அவர் சிரிக்கப் பார்த்தார். "நாற்காலி போட்டுக் கொடுத்தேன். உக்காந்து எழுதினா எழுத்து சாயுதுன்னுட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தா. பிரஷர் நல்லா இறங்கியிருக்குன்னு அந்த ரெண்டாவது மாத்திரையை நிறுத்திட்டாங்களாம். பழைய மாதிரி நிக்க ஆரம்பிச்சா. எனக்கும் சந்தோஷம்தான். ஆர்டர் குவிஞ்சு கிடந்துச்சு."

"டாக்டர் எந்தக் கையில பாத்தார்?"

"இவ எதை நீட்டினாளோ அதுலதான். அங்க கூட்டம் இருக்குமே, நீட்டின கையில கட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. வீட்டுக் கணக்கையும் உங்கப்பா சொல்லியிருப்பாரு. ரெண்டும் ஒத்துப் போச்சு." அவர் சாத்தியிருந்த கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "கொஞ்ச நாள் கழிச்சு எங்க பக்கத்து மருந்துக்கடையில புது மிஷின் வந்துச்சு. சும்மா விளையாட்டுக்குப் போனோம். அந்தக் கடைக்காரர் வலது கையில கட்டிட்டார். பாத்ததும் அவர் மூஞ்சியே மாறிப்போச்சு. உடனே டாக்டர்கிட்ட போங்கன்னார். இவ என்ன சொன்னா தெரியுமா? 'இந்தக் கை எப்பவுமே ஓவரா வேலை செய்யும், அதான்'னா."

அம்மாவின் குரலிலேயே அதைக் கேட்க முடிந்தது. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய வந்து எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா. லிப்ட்காரர்கிட்ட மூச்சு விடாதே, அவருக்குத் தெரிஞ்சா என்னைப் படுக்க வச்சிடுவார்னா."

"வேற மாத்திரை கேட்டிருக்கலாமே ஆன்ட்டி. ஒண்ணு ஒத்துக்கலைன்னா இன்னொண்ணு இருக்குமே."

"அதைத்தான் நானும் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன். கேக்கறேன், கேக்கறேன்னா. கேக்கல."

"பயமே இல்லையா அவங்களுக்கு?"

பேக்கரிக்காரம்மா யோசித்தார். "இருந்துச்சு. ஆஸ்பத்திரியில மொத தடவை படுத்திருந்தாளே, கூரையைப் பாத்துக்கிட்டு, யாராவது திருப்பிப் படுக்க வைக்கற வரைக்கும். அதுக்குத்தான் பயம். இது கண்ணுக்குத் தெரியாதுல்ல? வலி இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் நம்பர். நின்னா தலை சுத்தறதுதான் அவளுக்கு வியாதி."

வெளியே அப்பாவின் குரல் கேட்டது. யாரிடமோ, "நேத்துக்கு மொத நாள் காலையில கூட," என்று ஆரம்பித்துக்கொண்டிருந்தார். நாள் ஒன்று தள்ளிப்போயிருந்தது. அவர் அதையும் சரியாக மாற்றிச் சொன்னார்.

"அவர்கிட்ட சொல்லப் போறியா?" என்று பேக்கரிக்காரம்மா கேட்டார்.

"தெரியல."

"சொன்னா ரெண்டு விதமா வலிக்கும் அவருக்கு."

மகள் தலையசைத்தாள். பிறகு வேறொன்று கேட்டாள். "அந்தக் கடைசிக் கேக் என்ன ஆச்சு ஆன்ட்டி?"

"முடிச்சுட்டா. கடைசி எழுத்துக்குப் புள்ளி மட்டும் வைக்கல. கலவரத்துல நான் பாக்கலை, அப்படியே பெட்டியில போட்டுக் கொடுத்துட்டாங்க. வாங்கினவங்க ஒண்ணும் சொல்லல." ரொட்டியை மறுபடி எடுத்து வைத்தார். "யாருக்குத் தெரியப் போகுது."

மகளுக்கு இன்னும் கேட்க வேண்டும் போலிருந்தது. மருந்துக்கடையிலிருந்து வெளியே வந்தபோது அம்மா சிரித்துக்கொண்டே வந்தாளா, பிறகுதான் சிரித்தாளா? சத்தியம் வாங்கும்போது எந்தக் கையை நீட்டினாள்? கோபம் வரும் என்று மகள் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. வீட்டுக்குள்ளேயே இத்தனை வருடம் தெரியாத ஓர் அறை இருந்திருக்கிறது. அதன் கதவு திறந்துகிடக்கிறது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பது போலத்தான் இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் போய்விட்டார்கள். மகள் மடக்கு நாற்காலிகளைச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டு ரெஃப்ரி மாமா. ஒரு காலத்தில் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். போன வருடம் அவருக்கும் ஸ்ட்ரோக் வந்தது. வலது கை தொங்கிப்போனது. இடது கையில் கம்பை ஊன்றி நடப்பார். நாள் தவறாமல் அப்பாவிடம் வந்து பிரஷர் பார்த்துக்கொள்வார்.

"நான் சும்மாதான் வந்தேன் லிப்ட்காரரே. தனியா இருப்பீங்களேன்னு."

"உக்காருங்க," என்றார் அப்பா. மாமா கம்பை ஊன்றி மெல்ல உட்கார்ந்தார். பிறகு அப்பா எழுந்தார். "ரெண்டு நாளா உங்களுக்குப் பாக்கலையே."

"இன்னைக்கு என்னத்துக்கு. அப்புறம் பாத்துக்கலாம்."

"இருக்கட்டும். ரெண்டு நிமிஷ வேலை."

அலமாரியிலிருந்து கருவியை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய முகத்தில் இரண்டு நாளில் முதல் முறையாக ஒரு தெளிவு வந்திருந்தது. கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்ட தெளிவு. ரெஃப்ரி மாமா இடது கையால் தன் வலது கையைத் தூக்கி மேசை மேல் வைத்தார். வைத்துவிட்டு இடது கையை மறுபடி கம்பின் மேல் ஊன்றிக்கொண்டார். அப்பா பட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்.

மகள் கையில் ஒரு நாற்காலியோடு நின்றாள். நாளைக்குச் சொல்லலாம். அப்பா இல்லாதபோது, மாமாவின் வீட்டுக்கே போய்ச் சொல்லலாம். மாமாவிடம் மட்டும், தனியாக. அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம். பட்டையின் ஓரத்தை அப்பா ஒட்டினார். அதற்குள் ஒரு விரலை விட்டு இறுக்கம் சரியா என்று பார்த்தார். அம்மாவுக்கும் அப்படித்தான் பார்ப்பார். நாளைக்கு என்று அம்மாவும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்பா."

அவர் நிமிர்ந்தார்.

"மாமாவுக்கு அந்தக் கையில வேணாம். நல்ல கையில பாருங்க."

"ஏன்?"

எதற்கும் ஏன் என்று கேட்கிறவர். சும்மா கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் நாற்காலியைச் சுவரில் சாய்த்தாள்.

"ஆஸ்பத்திரியில சிஸ்டர் சொன்னாங்க. பலமில்லாத கை சரியாச் சொல்லாதாம்."

அப்பா பட்டையைப் பார்த்தார். பட்டை சுற்றியிருந்த கையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். ரெஃப்ரி மாமா எதுவும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியா," என்றார் அப்பா கடைசியில். "சரி. ரெண்டுலயும் பாத்துடுவோம்."

பொத்தானை அழுத்தினார். பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்று முப்பத்திரண்டு. அவர் வாய்விட்டுப் படித்தார். பட்டையைக் கழற்றினார்.

"கம்பைக் கொடுங்க."

மாமா கொடுத்தார். அப்பா கம்பைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே குனிந்து மாமாவின் இடது கையில் பட்டையைக் கட்டினார். ஒட்டும் இடத்தை இரண்டு முறை பிரித்து ஒட்டினார். கருவி ஊதியது. முன்பைவிட அதிக நேரம் ஊதியது போலிருந்தது.

நூற்று அறுபத்தெட்டு.

இதையும் அவர் படித்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினார். ஏறக்குறைய அதே எண் வந்தது.

"என்ன லிப்ட்காரரே, ஆஃப்சைடா?" என்றார் மாமா.

"ஆமா. காலையில டாக்டர்கிட்ட போறோம். நானும் வரேன். ரெண்டு கையிலயும் பாக்கச் சொல்லணும்." பட்டையைக் கழற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒழுங்காகச் சுருட்டி வைத்தார். கருவியின் மூடியை மூடினார். அக்குளிலிருந்த கம்பை எடுத்துக் கையில் பிடித்தார். பிறகு மகளைப் பார்க்காமலே கேட்டார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா இது?"

பொய் சொல்ல ஓர் இடைவெளி இருந்தது. அவள் அதைக் கடக்கவிட்டாள்.

"தெரியும்ப்பா."

அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். வாய் ஒரு பக்கம் கோணியது. அது அழுகையா, சிரிப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஜன்னல் பக்கம் போனார். கீழே தெருவில் யாரோ வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்தும் சத்தம் வந்தது.

"எவ்வளவு காட்டுச்சாம்?"

"அது எனக்குத் தெரியல. பேக்கரி ஆன்ட்டிக்குத் தெரியும். மாத்திரை ஒத்துக்காமத்தான் அம்மா சொல்லலையாம்."

"கேளு."

"கேக்கறேன்."

"என்ன மாத்திரைன்னும் கேளு. எது ஒத்துக்கலைன்னு."

"சரிப்பா."

ரெஃப்ரி மாமா மேசையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். அவருடைய கம்பு அப்பாவிடம் இருந்தது. அப்பா அதை இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றிருந்தார். மாமா அதைக் கேட்கவில்லை. சத்தமில்லாமல் மறுபடி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.